புதுச் செடி வந்த உடனே இலை கொட்டுதா? தொட்டிய மாத்தறதுக்கு முன்னாடி இதப் படிங்க

நீங்க எழுதினத வச்சுப் பாத்தா விஷயம் இதுதான்: இடுப்பு உயரத்துக்கு ஒரு ஃபிகஸ் பெஞ்சமினா வாங்கிட்டு வந்தீங்க, ஹால்ல சோபா பக்கத்துல வச்சீங்க, நர்சரில பளபளன்னு இருந்தது பத்தே நாள்ல மஞ்சளடிச்சு இலையக் கொட்ட ஆரம்பிச்சிருச்சு. பயந்துபோய் தினமும் தண்ணி ஊத்தறீங்க, இதுவரைக்கும் நாலு எடம் மாத்திட்டீங்க, இப்போ பெரிய தொட்டிக்கு மாத்தி உரம் போட்டா சரியாகுமான்னு கேக்கறீங்க. ஆகாது. தொட்டியும் வேணாம் உரமும் வேணாம். நல்ல வெளிச்சம் வர்ற ஜன்னல் ஒண்ணப் பாத்து அது பக்கத்துல வச்சுட்டு, தண்ணிய மண்ணு காயக் காய மட்டும் ஊத்திட்டு, ஒரு மாசம் ஒன்றரை மாசம் அதத் தொந்தரவு பண்ணாம விடுங்க. நெறைய புதுச் செடிங்க சாகறது கவனிப்பு இல்லாம இல்ல, முதல் மாசம் நடக்கற ஓவர் கவனிப்பாலதான். எதுக்கு இப்படிச் சொல்றேன்னு கொஞ்சம் விரிவாவே எழுதறேன், ஃபிகஸ் மட்டும் இல்லாம எந்தச் செடி வாங்கினாலும் இது பொருந்தும்.

மொதல்ல வெளிச்சம். மத்த எல்லாமே இதுக்கு அப்புறம்தான்.

நம்ம கண்ணு இந்த விஷயத்துல நம்மள நல்லா ஏமாத்தும். வெளிய இருந்து உள்ள வந்தா கண்ணோட பாப்பா விரிஞ்சு சரிபண்ணிக்கும், அதனால ஹால் "நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு"ன்னு தோணும். உச்சி வெயில் கிட்டத்தட்ட 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அலகு). நிழல்வலை போட்டு செடி வளக்கற எடத்துலயே 10,000, 20,000 லக்ஸ் சாதாரணமா இருக்கும். வீட்டுக்குள்ள நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்துல அது சில ஆயிரமா எறங்கிடும், அங்க இருந்து ரெண்டு மூணு மீட்டர் உள்ள தள்ளி சோபா பக்கத்துல வந்தா சில நூறுதான். அதாவது செடிக்கு வந்துட்டு இருந்த வெளிச்சத்துல நூத்துல ரெண்டு மூணு பங்குதான் இப்போ கெடைக்குது. சந்தேகம் இருந்தா ஃபோன்ல லக்ஸ் அளக்கற ஆப் ஒண்ணு போட்டு நீங்களே பாருங்க, ரொம்ப துல்லியமா எல்லாம் இருக்காது, ஆனா ஜன்னலுக்கும் சோபாவுக்கும் உள்ள வித்தியாசத்தப் பாத்தாலே புரிஞ்சிரும்.

இப்போ இலை ஏன் கொட்டுதுன்னு பாப்போம். ஒவ்வொரு இலையும் ஒரு வரவு செலவுக் கணக்கு. வெளிச்சத்த வச்சு சர்க்கரை தயாரிக்கறது வரவு, உயிரோட இருக்கறதுக்கே ராப்பகலா சுவாசிச்சு எரிக்கறது செலவு. நல்ல வெளிச்சத்துல வளந்த இலை தடிமனா இருக்கும், வரவும் ஜாஸ்தி செலவும் ஜாஸ்தி. அதக் கொண்டுவந்து மங்கலான எடத்துல வச்சா வரவு படுத்துரும், செலவு அப்படியே நிக்கும். எந்த இலைல செலவு வரவ மிஞ்சுதோ அந்த இலைய செடி கழட்டி விட்டுரும், அதுவும் சும்மா இல்ல, அதுல இருக்கற நைட்ரஜன் மாதிரி சத்த முடிஞ்சவரை உறிஞ்சி எடுத்துட்டுத்தான் விடும், அந்த மஞ்சள் நிறமே அதனாலதான். அப்புறம் புதுசா விடற இலை இந்த வெளிச்சத்துக்குன்னே தயாராகி வரும், கொஞ்சம் மெல்லிசா, கொஞ்சம் அகலமா, செலவு கம்மியா. அதனாலதான் மஞ்சளடிச்ச இலைய பாதில பிச்சுப் போடாதீங்கன்னு சொல்றது, முழுசா மஞ்சளாகட்டும், லேசா தொட்டா கையோட வரும், அப்போ எடுங்க.

இது யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன கதை இல்ல. 1970கள்ல அமெரிக்காவுல ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வீட்டுக்குள்ள வைக்கற செடிங்கள வச்சு இதத்தான் ஆராய்ஞ்சாங்க, அதுல நம்ம ஃபிகஸ் பெஞ்சமினாவும் முக்கியமான ஒண்ணு. விக்கறதுக்கு முன்னாடியே செடிய நிழலுக்குப் பழக்கிட்டா உள்ள வந்தப்புறம் இலை உதிர்றது ரொம்பக் கொறையுதுன்னு தெரிஞ்சது. நல்ல உற்பத்தியாளருங்க இன்னிக்கும் அப்படிப் பழக்கித்தான் அனுப்பறாங்க. ஆனா எல்லாரும் பண்றதில்ல, பண்ணாத செடி உங்க கைக்கு வந்தா அந்தப் பழக்கற வேலைய நீங்க பண்ணணும், அவ்ளோதான்.

எப்படிப் பழக்கறது? வீட்டுலயே வெளிச்சம் அதிகமா இருக்கற எடத்துல மொதல்ல வைங்க, நேர் வெயில் சுள்ளுன்னு அடிக்காத எடமா. கிழக்குப் பாத்த ஜன்னல்னா கண்ண மூடிட்டு வைக்கலாம், காலை வெயில் யாரையும் கொல்லாது. மேற்கு ஜன்னல்னா சாயங்கால வெயிலுக்கு ஒரு மெல்லிய திரை போடுங்க. வடக்கா தெக்கான்னு பொதுவா சொல்ல முடியாது, நீங்க பூமியோட எந்தப் பாதில இருக்கீங்கங்கறதப் பொறுத்தது, அதனால திசையப் பாக்காம நிழலப் பாருங்க. மத்தியானம் இலைக்கு மேல கைய ஒரு சாண் ஒசரத்துல நீட்டுங்க, நிழல் வெட்டின மாதிரி தெளிவா விழுந்தா நல்ல வெளிச்சம், கை மாதிரி இருக்கு ஆனா ஓரம் கலங்கலா இருக்குன்னா நடுத்தரம், நிழலே சரியா தெரியலன்னா அங்க ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் பிளான்ட் மாதிரி ஆளுங்க மட்டும்தான் தாக்குப் பிடிப்பாங்க, அவங்களும் வளர மாட்டாங்க, சும்மா உசுரப் பிடிச்சிட்டு இருப்பாங்க. ரெண்டு மூணு வாரம் ஜன்னல்ல இருந்தப்புறம் ஆசைப்பட்ட எடத்துக்கு ஒரேயடியா தூக்காம, வாரம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளுங்க. அந்த எடம் ரொம்ப மங்கல்னா உண்மைய ஒத்துக்கிட்டு செடிக்குன்னே வர்ற எல்ஈடி க்ரோ லைட் ஒண்ணு மாட்டுங்க, டைமர் போட்டு ஒரு நாளைக்கு 12 மணி நேரம், இல்லன்னா அந்த எடத்துக்கு வேற செடி பாருங்க. சோபா பக்கத்துல ஃபிகஸ் அழகா இருக்கும்ங்கறது போட்டோவுக்குச் சரி.

தலைகீழாவும் நடக்கும், அதையும் சொல்லிடறேன். கடைக்குள்ள மங்கலான ராக்ல மாசக்கணக்குல இருந்த செடிய "வெயில் நல்லது"ன்னு நேரா உச்சி வெயில்ல கொண்டுபோய் வச்சா ரெண்டே நாள்ல இலைல வெளுத்த திட்டு விழும், அப்புறம் அது காஞ்ச காகிதமாகும். அது நோய் இல்ல, வெயில் சுட்டது, அந்தத் திட்டு திரும்பப் பச்சையாகாது. மேல மேல தண்ணி ஊத்தறதால எந்தப் பிரயோஜனமும் இல்ல.

அடுத்தது தண்ணி, இங்கதான் ஆளுங்க அதிகமா தப்பு பண்றாங்க, ஏன்னா வெளிச்சம் கொறஞ்சா தண்ணி குடிக்கறதும் கொறையும்ங்கறது யாருக்கும் தோணறதில்ல. நர்சரில காத்தும் வெளிச்சமும் சூடும் இருக்கற எடத்துல தினம் ஒரு தடவ ஊத்தியிருப்பாங்க, அங்க அது சரி. "அவங்க தினமும் ஊத்தச் சொன்னாங்க"ன்னு அதே கணக்க ஹாலுக்குக் கொண்டுவந்தா மண்ணு காயவே காயாது. வேருக்குக் காத்து வேணும், மண்ணுல இருக்கற சின்னச் சின்ன இடைவெளி எல்லாம் தண்ணியா நெறஞ்சா ஆக்சிஜன் இல்லாம வேர் செத்து, அதுல பித்தியம் மாதிரி அழுகல் கிருமி புகுந்துரும். வேர் செத்தா தண்ணி மேல ஏறாது, இலை வாடும், வாடினதப் பாத்து இன்னும் ஊத்துவீங்க. தண்ணி இல்லாம வாடறதும் தண்ணி ஜாஸ்தியாகி வாடறதும் மேல இருந்து பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால இலையப் பாத்து ஊத்தாதீங்க, மண்ணப் பாத்து ஊத்துங்க.

விரல ரெண்டு கணு ஆழத்துக்கு உள்ள விடுங்க. ஈரம் ஒட்டினா இன்னிக்கு வேணாம். இதவிட எனக்குப் புடிச்ச வழி தொட்டியத் தூக்கிப் பாக்கறது: வாங்கிட்டு வந்தப்புறம் ஒரு தடவ நல்லா ஊத்தி அடில வடிஞ்சு முடிஞ்சதும் தூக்கி அந்த வெயிட்ட கைக்குப் பழக்கிக்கோங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ சும்மா தூக்கிப் பாத்துட்டே இருந்தா எப்போ காலியாச்சுன்னு கையே சொல்லிரும், மீட்டர் கீட்டர் எதுவும் வேணாம். பெரிய தொட்டி தூக்க முடியாதுன்னா ஒரு பக்கமா லேசா சாச்சுப் பாருங்க, அதுவே போதும். ஊத்தும்போது கொஞ்சமா தெளிக்காம அடி ஓட்டை வழியா வடியற வரைக்கும் ஊத்துங்க, வடிஞ்சதத் தட்டுல நிக்க விடாம கொட்டிருங்க. தினமும் அரை டம்ளர் ஊத்தறது இருக்கே, அதுல மேல் மண்ணு மட்டும் எப்பவும் ஈரமா இருக்கும், அடி வேருக்கு ஒண்ணும் போகாது, ரெண்டு பக்கமும் நஷ்டம்.

இன்னொரு சிக்கல், நெறைய நர்சரிச் செடிங்க பீட் மாஸ் (மக்கின பாசி) இல்லன்னா கோகோபீட்ல (தேங்காய் நார்த்தூள்) வளந்து வருது, மண்ணே இருக்காது. பீட் மாஸ் ஒரு தடவ முழுசா காஞ்சுட்டா சுருங்கித் தொட்டி ஓரத்துல இருந்து விலகிரும், அப்புறம் தண்ணிய உள்ள விடாது. நீங்க ஊத்தினது ஓரத்து இடுக்குல எறங்கி நேரா அடி ஓட்டைல வெளிய வந்துரும், "நல்லா வடியுதே"ன்னு சந்தோஷப்படுவீங்க, நடுவுல வேரச் சுத்தி இருக்கற தாய்மண் கட்டை மாதிரி காஞ்சு கெடக்கும். ஊத்தின உடனே வடியுது, தூக்கினா லேசா இருக்குன்னா இதுதான். ஒரு வாளில தண்ணி விட்டு தொட்டிய பாதி முங்கற மாதிரி 20, 30 நிமிஷம் வைங்க, அடில இருந்து உறிஞ்சி மேல் மண்ணு நெறம் மாறி ஈரமாகும், அப்புறம் வெளிய எடுத்து வடிய விடுங்க. கோகோபீட் இந்த அளவுக்கு அடம் பிடிக்காது.

கிஃப்டா வர்ற செடிங்கள்ல பளபள காகிதம் சுத்தி ரிப்பன் கட்டி இருக்கும் பாருங்க, அத வந்த அன்னிக்கே கழட்டிருங்க, அடில தண்ணி தேங்கி நிக்கும். ஓட்டை இல்லாத அழகுத் தொட்டிக்குள்ள பிளாஸ்டிக் தொட்டிய எறக்கி வச்சிருந்தாலும் அதே கதைதான், ஊத்தின அரை மணி நேரம் கழிச்சு தூக்கி உள்ள பாருங்க. பைப் தண்ணியே பெரும்பாலான செடிக்குப் போதும், டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் மாதிரி சிலதுக்கு தண்ணில ஃப்ளோரைடு இருந்தா இலை நுனி கருகும், அதுங்களுக்கு முடிஞ்சா மழைத்தண்ணி.

இப்போ பூச்சி. உங்க வீட்டுல ஏற்கனவே வேற செடிங்க இருக்குன்னு எழுதியிருந்தீங்க, புதுசு அதுங்க நடுவுலயே வச்சிருந்தா இன்னிக்கே பிரிங்க. ஒரு மூணு நாலு வாரம் தனி ரூம், முடியலன்னா அதே ரூம்ல எதிர் மூலையாவது, இலையோட இலை ஒரசக் கூடாது. ஏன் மூணு நாலு வாரம்னா, கடைல பாக்கும்போது முட்டையா இருந்தது அதுக்குள்ள பொரிச்சு கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வந்துரும். சிவப்புச் சிலந்தி 27 டிகிரிக்கு மேல சூடு இருந்தா கிட்டத்தட்ட ஒரே வாரத்துல முட்டைல இருந்து பெருசாகிரும், மாவுப்பூச்சி ஒண்ணு பஞ்சு மூட்டைக்குள்ள நூத்துக்கணக்குல முட்டை வைக்கும், ஒரு செடில விட்டீங்கன்னா எல்லாத்துக்கும் பரவி நீங்க பஞ்சும் கையுமா அலையணும்.

பாக்கறதுன்னா சும்மா மேலோட்டமா பாத்தா ஒண்ணும் தெரியாது. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு ஃபோன் டார்ச்ச எடுத்துக்கோங்க, இலையத் திருப்பி அடிப்பக்கம் சாய்வா அடிங்க, நேரா அடிச்சா தெரியாது. நடு நரம்பு ஓரமா தூசு மாதிரி புள்ளி இருக்கா, அந்தத் தூசு நகருதா? நகந்தா அந்தச் சிவப்புச் சிலந்தி, ஒரு வெள்ளைப் பேப்பர அடில பிடிச்சு இலையத் தட்டுங்க, விழுந்த புள்ளியக் கட்டை விரலால தேச்சா சிவப்பா பழுப்பா கோடு இழுக்கும். இலைக்காம்பு தண்டோட சேர்ற கக்கம் இருக்குல்ல, அங்க பஞ்சு துணுக்கு மாதிரி ஒட்டியிருந்தா மாவுப்பூச்சி. தண்டுல பழுப்பா மச்சம் மாதிரி, நகத்தால நெம்பினா கழண்டு வருதுன்னா செதில் பூச்சி, செடியோட அடி இலையோ தரையோ பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா அது சுரக்கற தேன்பால்தான், ஃபிகஸ்ல இது ரொம்ப சகஜம், அதனால உங்க செடிலயும் தரையத் தொட்டுப் பாருங்க. இலைல வெள்ளி பூசின மாதிரி திட்டும் அதுல குட்டிக் குட்டிக் கறுப்புப் புள்ளியும் இருந்தா இலைப்பேன், இருக்கறதுலயே மோசமான ஆளு இவன்தான், முட்டைய இலைக்குள்ளயே சொருகி வச்சிருவான், மண்ணுல போய் கூட்டுப்புழுவா கெடப்பான், ஒரு தடவ மருந்தடிச்சா போகவே மாட்டான்.

பூச்சி இருக்கோ இல்லையோ வந்த அன்னிக்கு ஷவர்ல, இல்ல குழாய்ல மிதமான வேகத்துல இலையோட ரெண்டு பக்கமும் கழுவிருங்க, மண்ண ஒரு கவரால மூடிக்கிட்டு. வழில ஒட்டின தூசு, மருந்துத் தடம், பாதிப் பூச்சி எல்லாம் அதுலயே போயிரும். ஆப்பிரிக்கன் வயலட் மாதிரி ரோமம் இருக்கற இலைக்கு மட்டும் இது வேணாம், ஒரு பிரஷ்ஷால தட்டினா போதும். மாவுப்பூச்சி கெடச்சா 70 சதவீத ஸ்பிரிட்டுல காது குடையற பஞ்சுக் குச்சிய நனச்சு தொட்டு எடுங்க, மத்ததுக்கு செடிக்குன்னே விக்கற பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசல், இலைக்கு அடில படற மாதிரி, வாரத்துக்கு ஒரு தடவ குறைஞ்சது மூணு வாரம். ஒரு தடவ அடிச்சுட்டு போயிருச்சுன்னு விட்டா முட்டைல இருந்து அடுத்த செட்டு கெளம்பும்.

மண்ணுல இருந்து குட்டியா கறுப்பா கொசு மாதிரி பறக்குதுன்னு ரொம்பப் பேர் பயந்து மண்ண மாத்தறாங்க. அது ஃபங்கஸ் நாட், கடிக்காது. அதோட புழு மேல் மண்ணுல 5 சென்டிமீட்டருக்குள்ள ஈரத்துல இருக்கற பூஞ்சையையும் மக்கினதையும் தின்னு வாழுது, பெரிய செடிக்கு பெரிசா கெடுதல் இல்ல, சின்னக் கன்னோட நுனி வேரத்தான் கடிச்சு வைக்கும். அது பறக்குதுன்னாலே நீங்க தண்ணி ஜாஸ்தி ஊத்தறீங்கன்னு அர்த்தம். மேல் மண்ண காய விடுங்க, மஞ்ச ஒட்டுப் பேப்பர் ரெண்டு சொருகி வைங்க, இதுக்கும் அடங்கலன்னா பிடிஐன்னு ஒரு பாக்டீரியா மருந்து, கொசுப்புழுவக் கொல்ல போடறாங்களே அதேதான், ஊத்தற தண்ணில கலந்து விடுங்க. அதோட ஒரு சுத்து மூணு நாலு வாரம், அவ்ளோ நாள் பொறுமை வேணும்.

இனிமே தொட்டி மாத்தற விவகாரம். வாங்கிட்டு வந்த அன்னிக்கே மண்ண உதறி, வேர அலசி, புதுத் தொட்டில போடற வீடியோ ஆயிரம் இருக்கு, பாக்க நல்லாத்தான் இருக்கும், மூணு வாரம் கழிச்சு அந்தச் செடி எப்படி இருந்துச்சுன்னு எவனும் வீடியோ போட மாட்டான். செடிக்கு ஏற்கனவே வெளிச்சம், ஈரப்பதம், சூடு மூணும் மாறியிருக்கு. இந்த நேரத்துல வேரையும் பிச்சா தண்ணி உறிஞ்சற மெல்லிய வேர் முடிங்க அறுந்து போகும், இலை வெளியேத்தற தண்ணிக்கு ஈடுகட்ட முடியாது. மூணு நாலு வாரம் பொறுத்து, புதுத் துளிர் வந்தப்புறம் மாத்துங்க. சில செடிங்க வேர் நெருக்கமா இருந்தா கவலையே படறதில்ல, ஸ்நேக் பிளான்ட் எல்லாம் பிளாஸ்டிக் தொட்டியையே வீங்க வச்சுட்டு ஜம்முனு இருக்கும்.

உடனே மாத்தியே ஆகணும்னா அதுக்குக் காரணம் இருக்கணும். மண்ணு நாறுது, தொட்டியத் தட்டி வெளிய எடுத்தா வேர் வெள்ளையா உறுதியா இல்லாம பழுப்பா கொழகொழன்னு இருக்கு, இழுத்தா மேல் தோல் மட்டும் உருவிட்டு நடு நரம்பு நூல் மாதிரி தொங்குதுன்னா அழுகல், காத்திருக்காதீங்க, அழுகினத வெட்டிட்டு காத்தோட்டமான கலவைல போடுங்க. அடி ஓட்டையே இல்லாத தொட்டில நட்டு வித்திருந்தாலும் உடனே மாத்துங்க. இன்னொண்ணு, வெளிய எடுக்கும்போது நடுவுல தண்டுக்குக் கீழ விரல விட்டுப் பாருங்க, சில செடிங்கள குட்டியா இருக்கும்போது ஒரு வலைப் பைலயோ ஸ்பாஞ்ச் மாதிரி கட்டியிலயோ வளத்து அப்படியே பெரிய தொட்டில எறக்கியிருப்பாங்க, சுத்தி மண்ணு காஞ்சாலும் அந்த நடுக் கட்டி மட்டும் ஊறிப்போயே இருக்கும். வேர் அத தாண்டி நல்லா வெளிய வந்திருந்தா விட்டுருங்க, வரலன்னா தொட்டி மாத்தும்போது கத்திரியால பொறுமையா வலைய வெட்டி எடுங்க.

மாத்தும்போது பழச விட 2ல இருந்து 5 சென்டிமீட்டர் அகலம் மட்டும் கூட, அதுக்கு மேல போகாதீங்க. பெரிய தொட்டில வேர் எட்டாத மண்ணு நெறைய, அந்த ஈரத்த உறிஞ்ச ஆளில்லாம அப்படியே நிக்கும். அடில ஜல்லி, ஓட்டு சில்லு போட்டா தண்ணி நல்லா வடியும்ங்கறதும் ஆகாத வேலை, மெல்லிசான மண்ணுல இருக்கற தண்ணி கீழ இருக்கற பெரிய இடைவெளிக்கு சுலபமா எறங்காது, ஜல்லிக்கு மேலயே தேங்கி நிக்கும், அதாவது ஈரமான பகுதிய வேருக்கு இன்னும் பக்கத்துல தூக்கி வச்சிருக்கீங்க. மண்ணு ஓடிராம இருக்க ஓட்டை மேல வலைத்துண்டு ஒண்ணு போதும். தொட்டி மாத்தும்போது தாய்மண் உடையாம பாத்துக்கோங்க, சுத்திச் சுத்தி வளந்த வேர மட்டும் விரலால லேசா பிரிச்சு விடுங்க.

உரம் பத்தி ரெண்டு வரி போதும். மேல் மண்ணுல மஞ்சளா, பச்சையா, கடுகு சைஸ்ல உருண்டை உருண்டையா தெரிஞ்சா பூச்சி முட்டைன்னு பொறுக்கி எறியாதீங்க, அது மெதுவா கரையற உரம், நசுக்கினா உள்ள இருந்து தண்ணியோ வெள்ளை உப்போ வரும். மேல இருக்கற பூச்சு வழியா கொஞ்சம் கொஞ்சமா சத்து கசியும், வகையப் பொறுத்து 3ல இருந்து 9 மாசம் வரைக்கும். அதனால முதல் ரெண்டு மாசம் நீங்க ஒண்ணும் போட வேணாம், சோர்ந்து கெடக்கற வேர் மேல உப்பு ஏறினா நுனி கருகறதுதான் மிச்சம்.

ஈரப்பதத்துக்கு தினமும் ஸ்ப்ரே அடிக்கறது நமக்கு ஒரு திருப்தி, செடிக்கு அதனால கெடைக்கறது சில நிமிஷம். ஏசியோ ஹீட்டரோ ஓடற ரூம்ல காத்தோட ஈரப்பதம் 30, 40 சதவீதத்துக்கு எறங்கிரும், வளந்த எடத்துல 60, 70 இருந்திருக்கும். கலாத்தியா, ஃபெர்ன் மாதிரி மெல்லிய இலைக்காரங்கதான் இதுக்கு ஓரம் கருகுவாங்க, அவங்களுக்கு காத்த ஈரமாக்கற ஹ்யூமிடிஃபையர் வைங்க, பூச்சி சோதனை முடிஞ்ச செடிங்களோட கூட்டமா வைங்க. மத்ததுங்களுக்கு ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்காம இருந்தாலே போதும். குளிர் பிரதேசத்துல இருக்கறவங்க ராத்திரி ஜன்னல் கண்ணாடி பக்கம் எவ்ளோ சில்லுன்னு இருக்குன்னு பாத்துக்கோங்க, வெப்பமண்டலச் செடிங்களுக்கு 10, 12 டிகிரிக்குக் கீழ போனா இலைல ஈரம் ஊறின மாதிரி கரும் திட்டு வரும். பூ மொட்டோட வாங்கின செடில மொட்டு மட்டும் கொட்டுதுன்னா அது வண்டில அடைச்சு வந்த அலுப்பு, மூடின பெட்டிக்குள்ள எத்திலீன் வாயு சேரும், பழுத்த பழமும் அதே வாயுவத்தான் விடுது, பழக்கூடை பக்கத்துல ஆர்க்கிட வைக்காதீங்க.

வீட்டுல பூனை, நாய், தவழற குழந்தை இருந்தா எடம் பாக்கும்போதே இதையும் பாத்துருங்க, அப்புறம்னு தள்ளாதீங்க. மணி பிளான்ட், மான்ஸ்டெரா, டைஃபன்பேக்கியா, பீஸ் லில்லி இதுல எல்லாம் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கு, கடிச்சா வாய் எரிஞ்சு வீங்கும். உண்மையான லில்லி வகைங்க, பீஸ் லில்லி இல்ல, பூனைக்கு சிறுநீரகத்தையே காலி பண்ணிரும், மகரந்தம் ஒட்டின ரோமத்த நக்கினாக்கூட. சைக்கஸ் நாய்க்கு ஈரலக் கெடுக்கும். உங்க ஃபிகஸ்ல இலை பிச்ச எடத்துல வர்ற பால் கூட தோல்ல பட்டா சிலருக்கு அரிக்கும், கைய கழுவிக்கோங்க.

சரி, எதுக்கு பயப்படணும் எதுக்கு பயப்பட வேணாம்? அடி இலைங்க, உள்பக்கத்து இலைங்க ஒண்ணொண்ணா மஞ்சளாகி விழறது சாதாரணம், ஃபிகஸ்னா மூணுல ஒரு பங்கு இலை போனாக்கூட நான் பதற மாட்டேன். பீஸ் லில்லி தண்ணி வேணும்னா செத்த மாதிரி டிராமா போடும், ஊத்தின சில மணி நேரத்துல எழுந்துக்கும். ஆனா நுனில இருக்கற புதுத் துளிரே கறுத்துப் போறது, தண்டு மண்ணு மட்டத்துல அமுக்கினா மெத்துன்னு இருக்கறது, பச்சை இலைங்களே மொத்தமா ஈரமா தொங்கறது, இதெல்லாம் வேர் பிரச்னை, அன்னிக்கே தொட்டில இருந்து எடுத்துப் பாருங்க.

உங்க செடிக்கு வர்றேன். தினமும் ஊத்தியிருக்கறதால மொதல்ல தொட்டிய சாச்சு அடி ஓட்டைகிட்ட மோந்து பாருங்க. நாத்தம் இல்ல, தண்டு கெட்டியா இருக்குன்னா ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வச்சு மேல் மண்ணு ஒரு 4, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு காயற வரைக்கும் தண்ணிய நிறுத்துங்க, ஒரு வாரம் ஆனாலும் பரவால்ல. இலை இன்னும் ரெண்டு மூணு வாரம் கொட்டும், அத எதிர்பாத்துக்கோங்க, அப்போ மறுபடி எடம் மாத்தினா கணக்கு திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும். மொட்டையா நிக்கற குச்சி உயிரோட இருக்கான்னு சந்தேகம் வந்தா நகத்தால பட்டைய துளி கீறிப் பாருங்க, உள்ள பச்சையா ஈரமா இருந்தா வெட்டாதீங்க, பழுப்பா காஞ்சு இருந்தா பச்சை தெரியற எடம் வரைக்கும் வெட்டிருங்க. குச்சி நுனில கூரா, வெளிர் பச்சைல சுருண்ட குருத்து நீள ஆரம்பிச்சா அது இந்த ஜன்னல் வெளிச்சத்துக்குன்னே வர்ற இலை, அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ தொட்டிய கால் சுத்து திருப்பி விடுங்க, இல்லன்னா ஜன்னல் பக்கமே சாஞ்சிரும். நாலஞ்சு புது இலை முழுசா விரிஞ்சப்புறம் தொட்டி மாத்தறதப் பத்தி பேசலாம், அப்பவும் அடி ஓட்டைல வேர் எட்டிப் பாத்தா மட்டும்.